ஓடை கட்டின வீடு: கிராக்சைடு மாளிகை பத்தி ஒரு முழு ஆய்வு

1881 ஜனவரியில இங்கிலாந்துல ஒரு இன்ஜினியரிங் பத்திரிகைக்கு வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங்னு 70 வயசுக்காரர் ஒருத்தர் லெட்டர் போட்டாரு. எங்க வீட்ல மொத்தம் 45 மின்சார விளக்கு இருக்கு, ரூம் ரூமா அணைச்சுக்கலாம்ங்கறதால ஒரே நேரத்துல 37க்கு மேல தேவைப்படறதில்ல, எல்லாத்துக்கும் பக்கத்துல ஓடுற ஓடைதான் கரண்ட் குடுக்குது, எரிச்சுத் தீர்க்க ஒரு பொருளும் கிடையாது, இதான் விஷயம். அந்தக் காலத்துல பெரிய பணக்கார வீடுங்கள்லயே எண்ணெய் விளக்கு இல்லன்னா கேஸ் விளக்குதான், எடிசன் நியூயார்க்ல பேர்ல் ஸ்ட்ரீட் பவர் ஸ்டேஷன ஆரம்பிக்கவே இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல இருந்துச்சு.

அந்த வீட்டுப் பேரு கிராக்சைடு. இங்கிலாந்தோட வடக்கு ஓரத்துல நார்தம்பர்லாண்ட்ல, ராத்பரின்னு ஒரு சின்ன ஊருக்குப் பக்கத்துல ஒரு பாறைச் சரிவுல நிக்குது. உலகத்துலயே முதல்முதல்ல நீர்மின்சாரத்துல விளக்கு எரிஞ்ச வீடுன்னு எல்லாரும் சொல்றாங்க, அது சரிதான், அதுல சண்டை இல்ல. ஆனா அந்த ஒரு லேபிள ஒட்டிட்டுப் போயிட்டா வீடு புரியாது. மின்சாரம் இந்த வீட்டுக்கு கடைசியா வந்த பிள்ளை. அதுக்கு பத்து வருஷம் முன்னாடியே தண்ணி அங்க வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு. என் கணக்குப்படி இந்த வீட்டோட பிளான்ல பாதிய ஆர்க்கிடெக்ட் போடல, அந்த மலையும் ஓடையும்தான் போட்டுச்சு. அத எப்படின்னுதான் இங்க பாக்கப் போறோம்.

ஆளு யாரு

ஆர்ம்ஸ்ட்ராங் 1810ல நியூகாசில்ல பொறந்தவரு. அப்பா தானிய வியாபாரி, பையன் வக்கீலாகணும்னு ஆசை, பையனும் அப்படியே ஆகி பத்து வருஷத்துக்கு மேல அந்த ஆபீஸ்லயே உக்காந்திருந்தாரு, ஆனா மனசெல்லாம் தண்ணி மேலதான். மேல இருந்து விழற தண்ணியோட சக்தியில பெரும்பங்கு வீணாப் போகுது, நீர்ச்சக்கரம் அதுல கொஞ்சத்தைத்தான் புடிக்குதுங்கறது அவரு மண்டைக்குள்ள குடைஞ்சுட்டே இருந்துச்சு. கடைசியில தண்ணியோட அழுத்தத்துல ஓடுற கிரேன் செஞ்சாரு, 1847ல வக்கீல் தொழில விட்டுட்டு நியூகாசில் பக்கத்துல எல்ஸ்விக்ல ஃபேக்டரி போட்டாரு. லண்டன் டவர் பிரிட்ஜ எல்லாருக்கும் தெரியும்ல, 1894ல அது திறந்தப்ப நடுவுல ரெண்டு பக்கமும் தூக்கற அந்த ஹைட்ராலிக் மெஷினு அவரு கம்பெனி போட்டதுதான்.

கிரைமியா போர் நடந்த சமயத்துல பீரங்கி பக்கம் போனாரு. பின்பக்கமா குண்டு போடற, உள்குழாயில சுருள் வரி போட்ட பீரங்கி, 1859ல சர் பட்டம். பணம் கொட்டுச்சு. இந்தப் பணத்தப் பத்தி கீழ தனியா பேசணும், இப்போதைக்கு விட்டுடறேன்.

1863ல வேலைல இருந்து கொஞ்சம் மூச்சு விடலாம்னு ராத்பரிக்கு வந்தாரு. சின்ன வயசுல நோஞ்சான் பையன், இருமல் ஜாஸ்தி, அப்ப இந்த ஊருக்குத்தான் காத்து மாத்த கூட்டிட்டு வருவாங்களாம், காக்கெட் ஆத்துல மீன் புடிச்ச ஊரு. அங்கயே ஒரு துண்டு நிலம் வாங்கி, லீவுக்கு வந்து தங்க ரெண்டு மாடியில சாதாரண கல் வீடு ஒண்ணு கட்டினாரு. 1866க்குள்ள அது முடிஞ்சிருச்சு. அப்ப அது மாளிகையும் இல்ல, ஒண்ணும் இல்ல, மீன் புடிக்க வர்றவன் தங்கற லாட்ஜ்.

இடம் எப்படின்னா, செங்குத்தான சரிவு, கீழ டெப்டன் ஓடை, மேல மொட்டைப் பாறையும் புதரும். வீடு கட்டவே பாறைய வெடி வச்சு உடைச்சு ஒரு திட்டு உண்டாக்க வேண்டியிருந்துச்சு. எந்த ஆர்க்கிடெக்டும் இங்க வீடு கட்டுங்கன்னு சொல்ற இடமே இல்ல. ஆனா ஒரு ஹைட்ராலிக் இன்ஜினியர் கண்ணால பாருங்க, மேல தண்ணி தேக்க இடம் இருக்கு, கீழ விழ பள்ளம் இருக்கு, நடுவுல வீடு. நம்ம மொட்டைமாடி டேங்க்ல இருந்து கீழ் வீட்டு குழாய்க்கு தண்ணி சீறிட்டு வருதுல்ல, அந்த ஒரு தத்துவத்த மலை சைஸ்ல வச்சுக்கோங்க. அதாவது மத்தவங்க வியூ பாத்து வாங்கின மாதிரி இருந்தாலும் அவரு உயர வித்தியாசத்தையும் சேத்துதான் வாங்கினாருன்னு நான் நினைக்கிறேன், ஏன்னா லாட்ஜ் முடிஞ்ச கையோட அவரு செஞ்ச வேலை ரூம் சேக்கறது இல்ல, ஓடைய மறிச்சு அணை கட்டறது. அதுல வந்ததுதான் டம்பிள்டன் ஏரி. அந்தத் தண்ணி விழற வேகத்துலயே ஒரு பம்ப் ஓடும், அந்த பம்ப் நல்ல ஊத்துத் தண்ணிய வீட்டுக்கு மேல இருக்கற தொட்டிக்கு ஏத்தும், அங்க இருந்து வீட்டுக்குள்ள குழாய்ல வரும். நிலக்கரி வேணாம், ஆள் இறைக்க வேணாம்.

ஷா வந்த கதை

1869ல ஆர்க்கிடெக்ட் ரிச்சர்ட் நார்மன் ஷாவ கூப்பிட்டாங்க. எடின்பரோக்காரர், அப்ப நாப்பது வயசு கூட ஆகல, பின்னாடி லண்டன்ல தேம்ஸ் கரையில நியூ ஸ்காட்லாண்ட் யார்ட் போலீஸ் தலைமையகம் கட்டப் போறவரு. வீட்டு விருந்தாளிங்க எல்லாம் வேட்டைக்கு வெளிய போயிருந்த நேரத்துல, ஒரே மதியத்துல எதிர்காலத்துல இந்த வீடு எப்படி இருக்கணும்னு முழுசா ஒரு படம் வரைஞ்சு வச்சுட்டாருன்னு ஒரு கதை சொல்லுவாங்க. நல்ல கதைதான். ஆனா வீட்டப் பாத்தா அந்த ஒரே மதியத்துப் படம் அப்படியே கட்டின மாதிரி தெரியாது, ஏன்னா வேலை 1884 வரைக்கும் ஏறக்குறைய பதினஞ்சு வருஷம் இழுத்துச்சு, ஆர்ம்ஸ்ட்ராங் ஒவ்வொரு தடவையும் இப்ப இது வேணும் இப்ப அது வேணும்னு கேக்க, ஷா பழைய லாட்ஜ இடிக்காம அதோட ரெண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வளத்தாரு. முதல்ல லைப்ரரியும் சாப்பாட்டு அறையும் இருக்கற பகுதி, அதுக்குக் கீழ பேஸ்மென்ட்ல குளியல் அறைகள். அப்புறம் தென்கிழக்குப் பக்கம் ஒரு உயரமான கோபுரம், கில்னாக்கி டவர்னு பேரு, ஆரம்பத்துல அது மேல வானம் பாக்க கூண்டு இருந்துச்சு. லாட்ஜையும் கோபுரத்தையும் சேக்க ஒரு நீட்டு காலரி, அதாவது ஓவியங்க மாட்டற நீளமான நடை. கடைசியா 1883-84ல காலரிக்கு அந்தப் பக்கம் பிரம்மாண்டமான டிராயிங் ரூம்.

வெளிய இருந்து பாத்தா சினிமா செட்டு. உயர உயரமா புகைபோக்கி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறின முக்கோண முகப்பு, கீழ கல், மேல கருப்பு மரச்சட்டமும் நடுவுல வெள்ளைப் பூச்சும், ஒரு மட்டம் இன்னொரு மட்டத்தோட சேராது, ஜன்னல் எதுவும் ஒரே வரிசையில இல்ல. இந்த ஸ்டைல பழைய இங்கிலீஷ் ஸ்டைல்னு சொல்லுவாங்க, 300 வருஷம் முன்னாடி டியூடர் காலத்து பண்ணை வீடுங்கள பாத்து செஞ்சது. இதுல ஒரு குறையும் சொல்லணும். அந்த மரச்சட்ட வேலை எல்லாம் இங்கிலாந்தோட தெற்குப் பக்கத்துக்கும் மேற்குப் பக்கத்துக்கும் உரியது. நார்தம்பர்லாண்ட் கல்லு ஊரு, ஸ்காட்லாண்ட் எல்லைல நூத்துக்கணக்கான வருஷம் கொள்ளையும் சண்டையும் பாத்த ஊரு, அங்க ஆளுங்க தடிச்ச கல் சுவர் வச்சுத்தான் கட்டினாங்க. அதனால அந்த ஊருக்கு சம்பந்தமே இல்லாத ஒரு தொப்பியைத்தான் ஷா வீட்டுக்கு மாட்டி விட்டாரு. ஆர்க்கிடெக்சர் பேசறவங்க இத அப்பவும் சொன்னாங்க இப்பவும் சொல்றாங்க.

அப்புறம் இன்னொரு கேள்வி வரும், உலகத்துலயே நவீனமான மெஷினெல்லாம் வச்சிருக்கற ஆளு எதுக்கு வீட்டுக்கு 16ஆம் நூற்றாண்டு வேஷம் போடணும். புதுசா பணம் வந்தவன் பழைய குடும்பம் மாதிரி காட்டிக்க ஆசப்பட்டான்னு ஈஸியா சொல்லிட்டுப் போயிடலாம், அந்த ஆசை இல்லாமயும் இருந்திருக்காது, கில்னாக்கிங்கற பேரே எல்லைல கொள்ளையடிச்ச பழைய ஜானி ஆர்ம்ஸ்ட்ராங்கோட கோட்டையிலருந்து எடுத்ததுதான். ஆனா எனக்கு அதவிட கட்டட வேலையிலயே காரணம் தெரியுது. கிரேக்க பாணியில நடுவுல வாசல், ரெண்டு பக்கமும் சமமா தூண், சமமா ஜன்னல்னு ஒரு வீடு கட்டினீங்கன்னா அதுக்கு அப்புறம் ஒரு ரூம் கூட சேக்க முடியாது, சேத்தா ஒரு பக்கம் கோணிக்கும். அந்தப் பாறைத் திட்டுல சமமா ரெண்டு பக்கம் நீட்டவும் வழியில்ல. இந்த கோணல் மாணல் டியூடர் ஸ்டைல்ல எவ்வளவு வேணாலும் ஒட்டலாம், ஒட்டினதே அழகாத் தெரியும், பல தலைமுறை சேந்து கட்டின மாதிரி இருக்கும். பாறை எங்க இடம் விட்டுச்சோ அங்க ரூம். பிளான எடுத்துப் பாத்தீங்கன்னா ஒரு ரூம்ல இருந்து இன்னொண்ணுக்குப் போக மாடி ஏறி, வளைஞ்சு, காலரி பூரா நடந்து போகணும், டிராயிங் ரூம் சாப்பாட்டு அறைல இருந்து அவ்வளவு தூரம். அந்த பிளான காலேஜ்ல அசைன்மென்ட்டா குடுத்தா ஃபெயில்தான் போடுவாங்க. ஆனா அந்த மலைல அதத் தவிர வேற பிளானும் சாத்தியமில்ல.

சாப்பாட்டு அறைல ஒரு இடம் மட்டும் தனியா சொல்லணும். பெரிய கல் வளைவுக்குள்ள கணப்பு, அதுக்குள்ளயே ரெண்டு பக்கமும் உக்கார பெஞ்சு, பக்கத்துல டிசைனர் வில்லியம் மோரிஸ் கம்பெனியோட வண்ணக் கண்ணாடி ஜன்னல், மேல கல்லுல கிழக்கோ மேற்கோ வீடுதான் சுகம்ங்கற அர்த்தத்துல ஸ்காட் பேச்சு வழக்குல செதுக்கியிருக்கு. ஆர்ம்ஸ்ட்ராங் அந்தக் கணப்பு பெஞ்சுல கால்ல செருப்போட, பக்கத்துல நாயோட, பேப்பர் படிச்சுட்டு உக்காந்திருக்கற மாதிரி எம்மர்சன்னு ஒரு ஓவியர் வரைஞ்ச படம் இன்னும் இருக்கு. பீரங்கி ராஜா தன்ன எப்படி பாக்கணும்னு ஆசப்பட்டாருங்கறதுக்கு அந்தப் படம் போதும்.

விளக்கு

1878ல அவரு அதே டெப்டன் ஓடையில தேக்கின இன்னொரு ஏரியான டெப்டன் ஏரித் தண்ணிய ஒரு டர்பைனுக்கு விட்டு, அதோட ஒரு சீமென்ஸ் டைனமோவ மாட்டினாரு. முதல்ல போட்டது ஆர்க் லேம்ப், காலரில. ரெண்டு கார்பன் குச்சிக்கு நடுவுல பொறி பறந்துட்டே இருக்கற விளக்கு அது, தெருவுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் ஓகே, வீட்டுக்குள்ள வச்சா கண்ணு கூசும், சத்தம் வேற, ஒளியும் ஆடும். படம் பாக்க வேணா நல்லாருக்கும், அதுக்கு கீழ உக்காந்து புத்தகம் படிக்க முடியாது.

தீர்வு பக்கத்து ஊர்லயே இருந்துச்சு. ஜோசப் ஸ்வான், சண்டர்லாண்ட்ல பொறந்து நியூகாசில்ல கெமிஸ்ட் தொழில் பாத்தவரு, காத்த உறிஞ்சின கண்ணாடிக்குள்ள கார்பன் இழைய எரிய விடற பல்புல எடிசனுக்கு சமமா, சில விஷயத்துல முந்தியும் வேலை செஞ்சவரு. 1879 பிப்ரவரில நியூகாசில் லிட்டரரி அண்ட் ஃபிலாசஃபிக்கல் சொசைட்டில எரிச்சுக் காட்டினாரு. ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு நல்ல பழக்கம். 1880 கடைசில ஸ்வானோட பல்பு கிராக்சைடுக்கு வந்துச்சு. முறையா தன் பல்பு மாட்டின முதல் வீடு இதுதான்னு ஸ்வானே பின்னாடி சொல்லியிருக்காரு, அவரோட சொந்த வீட்டக் கழிச்சு.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது லைப்ரரி விளக்கு. அங்க எட்டு பல்பு, நாலு மேல இருந்து தொங்கற ஒரே கண்ணாடி உருண்டைக்குள்ள, மிச்ச நாலு தனித்தனியா நாலு ஜாடி மேல. ஜாடின்னா செம்புல எனாமல் வேலைப்பாடு செஞ்ச அலங்கார ஜாடி, மண்ணெண்ணெய் விளக்கா இருந்தா கையில தூக்கிட்டுப் போற மாதிரி. அதுல ஒயர வெளிய விட்டா அசிங்கம். என்ன செஞ்சாரு தெரியுமா, ஒரு ஒயரு ஜாடிக்குள்ள வழியா பல்புக்குப் போகும், திரும்பி வர்ற கரண்டுக்கு ஜாடியோட செம்பு உடம்பையே கம்பியா ஆக்கிட்டாரு. ஜாடி உக்காற இடத்துல சின்னக் குழில பாதரசம், ஜாடிய வச்சா பாதரசத்துல தொட்டு கனெக்‌ஷன் கிடைக்கும் விளக்கு எரியும், தூக்கினா அணையும். அவ்வளவுதான் ஸ்விட்ச். இப்ப எந்த எலக்ட்ரிசியனும் கேட்டா தலைல அடிச்சுக்குவாரு, பாதரசம் ஒரு பக்கம், கரண்ட் ஓடற உலோக ஜாடிய கையால தூக்கறது இன்னொரு பக்கம். ஆனா ஸ்விட்சுனு கடைல ஒரு சாமான் சர்வசாதாரணமா கிடைக்காத காலத்துல ஒருத்தர் யோசிச்ச யோசனை அது, அதுல இருக்கற நேக்கு தனி.

கொஞ்சம் கணக்கும் போடுவோம். அந்த டர்பைன் குடுத்தது ஏறக்குறைய 6 குதிரைத்திறன், அதாவது நாலரை கிலோவாட். பவர் ஹவுஸ்ல இருந்து வீட்டுக்கு 1,500 கெஜம், கிட்டத்தட்ட 1.4 கிலோமீட்டர், குறைஞ்ச வோல்டேஜ்ல அவ்வளவு தூரம் செம்புக் கம்பில போனா வழியிலயே கொஞ்சம் சூடாப் போயிடும். ஒவ்வொரு பல்பும் 25 மெழுகுவத்தி வெளிச்சம்னு அவரு எழுதியிருக்காரு. இன்னிக்கு ஒரு 4 வாட் எல்இடி பல்பு அந்த வெளிச்சத்தக் குடுக்கும். டர்பைன் சக்திய 37 பல்புக்கு பிரிச்சா ஒண்ணுக்கு 120 வாட் வருது. அத்தன நஷ்டம். ஆனா ஓடைத் தண்ணிக்கு யாரு பில்லு போடப் போறா, அதுதான் அவரோட பாயிண்டே.

விளக்கு கூடக்கூட பழைய செட்டு பத்தல. 1886ல பர்ன்ஃபுட்னு கீழ இன்னொரு பவர் ஹவுஸ். இந்தத் தடவ தண்ணி மேட்டுல இருக்கற நெல்லீஸ் மாஸ் ஏரிகள்ல இருந்து, 340 அடி உயரத்துல இருந்து விழுது. இங்கதான் ஹைட்ராலிக் மூளை தெரியுது. சக்திங்கறது தண்ணியோட அளவையும் அது விழற உயரத்தையும் பெருக்கினா வர்றது, உயரம் ஜாஸ்தியா இருந்தா கொஞ்சம் தண்ணியே போதும். சின்ன ஓடை, கோடைல வத்தும், அப்ப உயரத்தக் கூட்டறதுதானே புத்தி. அப்படியும் பத்தாத நாளுக்கு பேட்டரி, பின்னாடி ஒரு கேஸ் இன்ஜினும் வந்து சேந்துச்சு. ஊர் கரண்ட் இந்த வீட்டுக்கு வந்தது 1945ல. அதுவரைக்கும் இவங்க கரண்ட்தான்.

நம்ம பக்கம் இந்தியால முதல் நீர்மின் நிலையம் டார்ஜிலிங் பக்கத்துல சித்ராபோங்ல 1897ல வந்துச்சு, 1902ல காவேரில சிவசமுத்திரம். தேதி வரிசை தெரியட்டும்னு சொன்னேன்.

மத்த மெஷினு

விளக்கு ஒண்ணுதான் பேரு வாங்கிருச்சு, ஆனா வீட்டுக்குள்ள தண்ணி அழுத்தத்துல ஓடற சாமான் நிறைய. மாடி பெட்ரூம் கணப்புக்கெல்லாம் நிலக்கரி ஏத்த ஹைட்ராலிக் லிஃப்ட். கிச்சன்ல இறைச்சிய கம்பில குத்தி நெருப்பு முன்னாடி சுத்தறதுக்கும் தண்ணிதான், இல்லன்னா ஒரு பையன் வெந்து வெந்து சுத்திட்டு இருக்கணும். ரூமுக்கு ரூம் பேச டெலிபோன். கண்ணாடி வீட்டுல பழ மரத்தொட்டிங்கள எல்லா பக்கமும் வெயில் படற மாதிரி திருப்பறதுக்குக் கூட ஏற்பாடு.

பேஸ்மென்ட்ல துருக்கி குளியல். நீலமும் வெள்ளையுமா டைல்ஸ், சூடான அறை, அப்புறம் குதிச்சு முங்க குளிர் தண்ணித் தொட்டி. இது ஆடம்பரம்னு பாத்தா ஆடம்பரம். ஆனா வீடு பூராவையும் சூடாக்கற காத்து உருவாகற அறைகளுக்கு பக்கத்துலயே அத வச்சிருக்காங்க, எப்படியும் இருக்கற சூட்ட வீணாக்காம குளியலுக்கும் எடுத்துக்கிட்டாங்க, அது ஒரு இன்ஜினியர் புத்தி. லைப்ரரியும் அதுக்கு மேலயே வந்ததால சூடு மேல போறதுக்கும் வசதி.

இந்த மெஷினெல்லாம் வேலைக்காரங்கள குறைக்கவான்னு கேட்டா, முழுசா இல்ல. வேலைக்காரங்க இருந்தாங்க, அடுப்புக்கு கரி போட, பாத்திரம் கழுவ, விருந்தாளிக்கு ஓட. நிலக்கரிய லிஃப்ட் தூக்கிச்சு, ரூமுக்குள்ள கொண்டுபோய் கொட்டினது கைதான்.

டிராயிங் ரூம் பத்தி சுருக்கமா. 1884 ஆகஸ்ட்ல வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் வரப்போறாங்கன்னு அவசரமா முடிச்சது. மேல இருந்து கண்ணாடிக் கூரை வழியா வெளிச்சம். ஒரு சுவர் பூரா இத்தாலிய மார்பிள்ல கணப்பு முகப்பு, ஷா ஆபீஸ்ல இருந்த லெதபி டிசைன் பண்ணது, 10 டன் எடைன்னு சொல்றாங்க. அந்த எடைய எது தாங்கும், அதனாலதான் அத மலைப் பாறையோட ஒட்டி நிக்க வச்சிருக்காங்க. கைவேலை அபாரம், குட்டிக் குட்டி தேவதை, பூ, இலை, ஒரு இடம் விடல. எனக்குப் புடிக்கலன்னு சொல்லிடறேன். சாப்பாட்டு அறைக் கணப்புல இருக்கற அடக்கம் இதுல இல்ல, வந்தவங்க வாயப் பொளக்கணும்னு கட்டினது, வந்தவங்களும் பொளந்துட்டுப் போனாங்க.

காசு எங்கருந்து வந்துச்சு

யாரு வந்தாங்கன்னு பாத்தா விஷயம் தெரியும். 1889ல பாரசீக மன்னர் வந்தாரு. ஜப்பான், சீனால இருந்து தூதுக் குழு வந்தாங்க. இவங்க எல்லாம் மின்சார விளக்கு பாக்க மட்டும் நார்தம்பர்லாண்ட் மலைக்கு வரல, எல்ஸ்விக் கம்பெனிகிட்ட பீரங்கியும் போர்க்கப்பலும் வாங்கத்தான் வந்தாங்க, வாங்குறதுக்கு முன்னாடி இங்க தங்க வச்சு விருந்து போட்டாங்க. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல ரெண்டு பக்கத்துக்கும் இவரு கம்பெனி ஆயுதம் வித்துச்சு. 1863ல ஜப்பான்ல ககோஷிமா ஊர பிரிட்டிஷ் கப்பல்ங்க சுட்டப்ப அதுல ஆர்ம்ஸ்ட்ராங் பீரங்கி இருந்துச்சு. அதே வருஷம்தான் இவரு ராத்பரில நிலம் வாங்கினாரு. அதே 1863ல பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கத்துக்கு தலைவரா பேசறப்ப, நாம நிலக்கரிய கண்மண் தெரியாம வீணடிக்கறோம், ரெண்டு நூற்றாண்டுல இங்கிலாந்து நிலக்கரி உற்பத்தில முன்னால நிக்காதுன்னும் சொன்னாரு. நிலக்கரி தலைநகரத்துல நின்னுட்டு அத சொல்ல ஒரு தைரியம் வேணும். வெப்ப நாட்டு வெயில்ல எவ்வளவு சக்தி இருக்குன்னும் கணக்கு போட்டுப் பேசினவரு.

1871ல எல்ஸ்விக் தொழிலாளிங்க ஒரு நாளைக்கு 9 மணி நேர வேலைதான் வேணும்னு அஞ்சு மாசம் போராடினாங்க. ஆர்ம்ஸ்ட்ராங் கடைசி வரைக்கும் எதிர்த்தாரு, வெளியூர்ல இருந்து ஆள் கொண்டுவந்தாரு, கடைசில தொழிலாளிங்க ஜெயிச்சாங்க. அந்த நேரத்துலதான் ராத்பரில லைப்ரரி, குளியல் அறை வேலை நடந்துட்டு இருந்துச்சு. கிராக்சைட பசுமை சக்தியோட முன்னோடின்னு மட்டும் சொல்ற பிரசுரங்கள பாக்கறப்ப எனக்கு இது எப்பவும் உறுத்தும். ஓடை விளக்கு குடுத்துச்சு, சரி, கட்டடத்துக்கு காசு குடுத்தது ஓடை இல்ல. ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதறதுதான் நியாயம்.

தானமும் நிறைய செஞ்சாரு, நியூகாசில்ல ஜெஸ்மண்ட் டீன் பூங்கா அவரு ஊருக்குக் குடுத்தது, யுனிவர்சிட்டில அவரு பேருல கட்டடம் இருக்கு. அத யாரும் மறக்கல.

அப்புறம்

ஆர்ம்ஸ்ட்ராங் 1900 டிசம்பர்ல இந்த வீட்டுலயே இறந்தாரு, 90 வயசு. பிள்ளை இல்ல, அக்கா வழியா வந்த பேரன் முறை வாட்சன்-ஆர்ம்ஸ்ட்ராங் வாரிசு. பண விஷயத்துல அவருக்கு கை வரல, 1910ல காலரில இருந்த நல்ல படங்கள்ல பெரும்பங்கு ஏலத்துக்குப் போச்சு, ஓவியர் மில்லேயோட ரெண்டு பெரிய படம் உட்பட. 1977ல வாரிசு வரிக்கு பதிலா வீடு அரசு வழியா, பழைய வீடுங்களப் பாதுகாக்கற நேஷனல் டிரஸ்ட்கிட்ட வந்து, 1979ல ஜனங்களுக்கு திறந்தாங்க. முதல் கிரேடு பாதுகாப்புக் கட்டடம்.

மரத்த சொல்லாம விடக்கூடாது. மொட்டைப் பாறையா இருந்த அந்த மலைல ஆர்ம்ஸ்ட்ராங்கும் அவரு மனைவி மார்கரெட்டும் 70 லட்சம் மரமும் செடியும் வச்சாங்கன்னு சொல்லுவாங்க, எண்ணிப் பாத்தவங்க யாரும் இருக்க மாட்டாங்கன்னாலும் காடு நிஜம். வட அமெரிக்க ஊசியிலை மரங்க, அதோட ரோடோடென்ட்ரான் புதரு, அது இப்ப கட்டுக்கடங்காம பரவி டிரஸ்டுக்கு தீராத வெட்டு வேலை. 2021 நவம்பர்ல ஆர்வென் புயல் வந்து ஏகப்பட்ட மரத்த சாச்சுட்டுப் போச்சு. பாறை மேல கொஞ்சூண்டு மண்ணுல நிக்கற மரம், வேர் எங்க போகும்.

வீட்டுக்குள்ளயும் அதே மாதிரி ஒரு வேலை வந்துச்சு. வருஷக்கணக்கா அடுக்கடுக்கா போட்ட பழைய ஒயரிங், முதல் மின்சார வீடுங்கற பெருமைக்கு விலை. வீட்ட மூடி, முழுசா ஒயரிங் மாத்தி 2007ல மறுபடி திறந்தாங்க. பழைய வீட்டுல ஒயர் மாத்தினவங்களுக்குத் தெரியும் அது என்ன கொடுமைன்னு, இங்க மரப் பலகை வேஞ்ச சுவரு, மோரிஸ் வால்பேப்பரு, ஒரு இடத்துலயும் ஆணி அடிக்க முடியாது.

2014ல டிரஸ்ட் மறுபடி தண்ணில இருந்து கரண்ட் எடுக்க ஆரம்பிச்சாங்க. பழைய மாதிரி டர்பைன் இல்ல, ஆர்க்கிமிடீஸ் திருகு, 17 மீட்டர் நீளத்துக்கு ஒரு பெரிய உலோகத் திருகு, மேல இருந்து தண்ணி இறங்கறப்ப மெதுவா சுத்தும். 12 கிலோவாட் கிட்ட வரும், வீட்டுல இருக்கற சுமார் 350 பல்புக்குப் போதும், மீனுக்கும் அடி படாது. அந்தக் காலத்துல 37 பல்புக்கு நாலரை கிலோவாட் போனத நினைச்சா பல்பு எவ்வளவு மாறியிருக்குன்னு தெரியும். அத வச்ச இடம் டெப்டனும் இல்ல, பர்ன்ஃபுட்டும் இல்ல. டம்பிள்டன் ஏரிதான், மின்சாரத்த யாரும் யோசிக்கறதுக்கு முன்னாடி குடிதண்ணி ஏத்த பம்ப் ஓட்டறதுக்குன்னு லாட்ஜ் காலத்துல வெட்டின ஏரி.